‘செல்ஃப்’ என்னும் ஈறும் ‘தான்’ என்னும் சொல்லும்

ஆங்கிலத்தில் ‘மைசெல்ஃப்’, ‘யுவர்செல்ஃப்’, ‘ஹிம்செல்ஃப்’, ‘தெம்செல்வ்ஸ்’ என்றவாறு ‘செல்ஃப்’ ஈற்றைப் பெற்று முடியும் மாற்றுப்பெயர்கள் உருவத்தால் ஒன்றாகவும் செய்யும் வேலையால் இரண்டாகவும் இருப்பவை. ஒருவர் செய்த செயல் அவர்மீதே திரும்பி வந்து, எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே ஆளாக நிற்கும் இடத்தில் அப்பெயரை ‘ரிஃப்ளெக்ஸிவ்’ என்று ஆங்கில இலக்கணிகள் அழைக்கின்றனர். தமிழில் அதைத் தற்சுட்டுப் பெயர் எனலாம். செயல் வேறொன்றின்மீது சென்றுவிட, அதைச் செய்தவர் பிறர் அல்லர், அவரே என்று உறுதிப்படுத்துவதற்காக மட்டும் அதே சொல் வரும்போது அது ‘எம்ஃபாடிக்’, அதாவது அழுத்தப் பெயர் ஆகிறது. பள்ளி இலக்கணத்தில் இது ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும் சிறிய பாடம். ஆயினும் மேல்நிலை வகுப்பு மாணவரும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பட்டதாரியும் தடுமாறும் இடமாக அது நீடித்து வருவதைத் தமிழ்வழி வகுப்புகளில் ஆங்கிலம் கற்பித்தவர்கள் அறிவர். இத்தடுமாற்றத்தை மாணவரின் ஆங்கில அறியாமை என்று சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் அம்மாணவர் தாய்மொழியில் நாள்தோறும் பிழையின்றிக் கையாளும் ஒரு வேறுபாட்டைப் பாடம் நடத்தும் முறையே மறைத்துவிடுகிறது என்பதுதான் இக்கட்டுரையாசிரியரின் வகுப்பறை அனுபவம் காட்டிய முடிவு.

அவ்வனுபவத்தின் களம் அச்சன்புதூர் வட்டாரம். பண்பொழி, வடகரை, கடையநல்லூர் ஆகிய ஊர்களை அண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே அமைந்த இப்பேரூர், 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நெல்வயலும் தென்னந்தோப்பும் ஒருபுறம், வீட்டுத் திண்ணையில் பெண்கள் செய்யும் பீடிச் சுற்று வேலை மறுபுறம், வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம் இன்னொரு புறம் என்று வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஆங்கிலம் என்பது பேச்சில் புழங்கும் மொழியாக இராமல் தேர்வுத்தாள், வங்கிப் படிவம், கடவுச்சீட்டு விண்ணப்பம், வெளிநாட்டு வேலைக்கான நேர்காணல் என்று வாழ்க்கையின் வாசல்களில் மட்டும் எதிர்ப்படும் மொழியாக இருக்கிறது. காதால் கேட்டுப் பழகாத ஒரு மொழியை எழுத்தின் வழியாக மட்டும் கற்கும்போது, கேட்டால் உடனே விளங்கிவிடும் வேறுபாடுகள்கூட விதிகளாக மாறிக் கனத்துப்போகின்றன. தற்சுட்டும் அழுத்தமும் அத்தகைய வேறுபாடுகளுள் ஒன்று.

இந்தியப் பள்ளிகளில் இப்பாடத்தின் வடிவத்தை நிலைநிறுத்திய நூல், 1930களின் நடுவில் வெளிவந்து இன்றுவரை அச்சில் இருக்கும் ரென் – மார்ட்டின் இலக்கணம். அதன் ஆசிரியர்களுள் ஒருவரான பி. சி. ரென் பம்பாய் மாகாணத்தில் கல்விப் பணியில் இருந்தவர். 1924இல் வெளியான ‘போ ஜெஸ்ட்’ என்னும் சாகசப் புதினத்தால் உலகப் புகழ் பெற்றவர் என்பது, அவருடைய இலக்கணத்தை மனப்பாடம் செய்த பல தலைமுறைகளுக்குத் தெரியாது. அந்நூல் தற்சுட்டையும் அழுத்தத்தையும் ஒரே இயலில் அடுத்தடுத்து வைத்து, வினை எழுவாயை நோக்கித் திரும்பினால் ஒன்று, வலியுறுத்தினால் மற்றொன்று எனப் பிரித்து, பின்னர் எது எது என்று கண்டறியப் பயிற்சி தருகிறது. அந்த வைப்புமுறையே தமிழ்நாட்டு வழிகாட்டி நூல்களுக்கும் இறங்கி வந்தது. இறங்கி வரும்போது ஒரு குறுக்குவழியும் சேர்ந்துகொண்டது: ‘செல்ஃப்’ சொல்லை வாக்கியத்திலிருந்து நீக்கிப் பார்க்க வேண்டும், நீக்கிய பின்னும் வாக்கியம் நின்றால் அது அழுத்தப் பெயர், நிற்காமல் சரிந்தால் தற்சுட்டுப் பெயர். ஆங்கிலம் படித்த ஏறக்குறைய எல்லாரும் ஏதேனும் ஒரு வடிவில் இச்சூத்திரத்தைக் கேட்டிருப்பர்.

சூத்திரம் பொய்யன்று. அது எங்கே நன்றாக வேலை செய்கிறது என்பதை வகுப்பில் காட்டுவதற்குப் பாடநூலின் அரசர்களும் இளவரசர்களும் வரும் வாக்கியங்களைவிடப் பீடி இலை உதவியிருக்கிறது. நனைத்து வைத்த இலையின்மீது தகட்டை அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டும் வேலையைப் பார்க்காத பிள்ளை இவ்வட்டாரத்தில் அரிது. கத்தரி விரலைப் பதம் பார்ப்பதையும் அவர்கள் கண்டிருப்பர். ‘ஷீ கட் தி லீஃப்’ என்று கரும்பலகையில் எழுதினால் அவள் இலையை வெட்டினாள் என்று பொருள். ‘ஷீ கட் ஹெர்செல்ஃப்’ என்று அடுத்து எழுதினால் கத்தரி அவள் கையில் பட்டுவிட்டது. ‘ஷீ ஹெர்செல்ஃப் கட் தி லீஃப்’ என்று மூன்றாவதாக எழுதினால் விரலுக்குச் சேதம் இல்லை. இலைதான் வெட்டுப்பட்டது, ஆனால் அதை வெட்டியவள் அம்மாவோ அக்காவோ அல்லள், அவளே. மூன்றிலும் வினை ஒன்று, ஆள் ஒன்று. மூன்றாவது வாக்கியத்தில் ‘ஹெர்செல்ஃப்’ என்பதைத் துடைத்துவிட்டால் முதல் வாக்கியம் முழுமையாக எஞ்சுகிறது. இரண்டாவதில் துடைத்தால் ‘ஷீ கட்’ என்னும் அரைகுறைத் துண்டு எஞ்சி, எதை என்ற கேள்வியை எழுப்புகிறது. மேலும் மூன்றாவது வாக்கியத்தில் அச்சொல்லை இடம் பெயர்த்து ‘ஷீ கட் தி லீஃப் ஹெர்செல்ஃப்’ என்று கடைசியில் வைத்தாலும் பொருள் கெடுவதில்லை. இரண்டாவதில் அது வினையை விட்டு அசையாது, ஏனெனில் அதுவே வினையின் செயப்படுபொருள்.

இவ்வளவில் பாடத்தை நிறுத்திவிடும் ஆசிரியருக்கு அடுத்த வாரமே தொல்லை தொடங்கும். ‘ஹீ வாஷ்ட் ஹிம்செல்ஃப்’ என்ற வாக்கியத்தில் ‘ஹிம்செல்ஃப்’ தற்சுட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை நீக்கினால் எஞ்சும் ‘ஹீ வாஷ்ட்’ என்பதும் ஆங்கிலத்தில் முழு வாக்கியமே. கழுவுதல், உடுத்துதல், மழித்தல் போன்று ஒருவர் பெரும்பாலும் தம் உடல்மீதே செய்துகொள்ளும் செயல்களைக் குறிக்கும் ஆங்கில வினைகள், செயப்படுபொருளைச் சொல்லாமல் விட்டாலும் தம்மைத் தாமே என்ற பொருளைத் தந்துவிடுகின்றன. ஆகவே நீக்கிப் பார்க்கும் சோதனையை நம்பிய மாணவர் இவற்றை அழுத்தப் பெயர் என்று எழுதி மதிப்பெண் இழக்கிறார். ஏன் இழந்தோம் என்பதும் அவருக்கு விளங்குவதில்லை, ஏனெனில் கற்ற விதியை அவர் ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறார். இதற்கு நேர்மாறான சிக்கல், அழுத்தப் பெயர் எழுவாயை விட்டுச் செயப்படுபொருளோடு ஒட்டிக்கொள்ளும் இடத்தில் உள்ளது. ‘ஐ சா தி கலெக்டர் ஹிம்செல்ஃப்’ என்றால் நான் ஆட்சியரையே பார்த்தேன், அவருடைய உதவியாளரை அன்று, என்பது பொருள்; வினைக்குப் பின்னால் வந்த ஒரே காரணத்தால் அதைத் தற்சுட்டு என்று சொல்லிவிடும் மாணவர் பலர். எழுவாய் ‘ஐ’ ஆகவும் பின்வருவது ‘ஹிம்செல்ஃப்’ ஆகவும் இருப்பதால் இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று காட்டினால் இவ்வாக்கியம் தெளியும். எழுவாயும் படர்க்கை ஆண்பாலாக இருந்துவிட்டால், ‘ஹீ சா தி கலெக்டர் ஹிம்செல்ஃப்’ என்பது அவன் ஆட்சியரையே பார்த்தான் என்றும், ஆளனுப்பாமல் அவனே போய் ஆட்சியரைப் பார்த்தான் என்றும் இரண்டு விதமாகப் பொருள்படும். எழுத்தில் அதைத் தீர்க்கும் வழி சூழல் ஒன்றே.

பேச்சில் மட்டும் ஒரு துணை உண்டு. ஆங்கிலேயர் பேசும்போது தற்சுட்டுப் பெயரைப் பெரும்பாலும் அழுத்தாமல் வினையோடு ஒட்டி விரைந்து சொல்லிவிடுகின்றனர். ஒலியின் எடை ‘கட்’ மீதோ ‘ஹர்ட்’ மீதோ விழுகிறது. அழுத்தப் பெயரில் எடை முழுவதும் ‘செல்ஃப்’ என்னும் அசைமீது விழுகிறது. பெயரே அதற்காகத்தான் அமைந்தது. வகுப்பில் வாக்கியங்களை உரக்கப் படித்துக் காட்டி, எங்கே குரல் உயர்கிறது என்று கேட்கும் பயிற்சி, பத்து விதிகளைக் கரும்பலகையில் எழுதுவதைவிடப் பயன் தந்திருக்கிறது. இதற்கும் ஒரு விலக்கு உண்டு: பிறரைக் குறை கூறவில்லை, தன்னையே கூறிக்கொண்டான் என்று எதிர்நிலை காட்டும்போது தற்சுட்டுப் பெயரும் அழுத்தம் பெறும். தமிழ்வழி வகுப்பில் ஆங்கில வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கும் வழக்கமே தேய்ந்துவிட்டதால், இந்த விலக்கைப் பற்றிக் கவலைப்படும் நிலை இன்னும் வரவில்லை.

குழப்பத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. வழிகாட்டி நூல்களும் அவற்றைப் பின்பற்றும் ஆசிரியரும் ‘ஹிம்செல்ஃப்’ என்ற சொல்லுக்கு ‘அவனே, தானே’ என்று ஒரே தமிழ்ப்பொருளை எழுதிப் போட்டுவிடுகின்றனர். மனப்பாடம் செய்வதற்கு அது வசதியானது. ஆனால் அந்த ஒற்றைப் பொருள், ஆங்கிலம் ஒரே உருவத்தில் மறைத்து வைத்த இரண்டு வேலைகளைத் தமிழிலும் ஒரே உருவத்திற்குள் அடைத்துவிடுகிறது. உண்மையில் தமிழ் இவ்வேலைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை வைத்திருக்கிறது. அவை ஒன்றோடொன்று எளிதில் குழம்புவதில்லை. அச்சன்புதூர்ப் பிள்ளை ஒருவரும் ‘அவளே வெட்டினாள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அவள் வெட்டிக்கொண்டாள்’ என்று சொல்வதில்லை.

அக்கருவிகளுள் முதலாவது ‘கொள்’ என்னும் துணைவினை. செயலின் பயனோ பாதிப்போ செய்தவரையே சென்று சேர்கிறது என்பதை அது வினையின் முடிவிலேயே அறிவித்துவிடுகிறது. ‘வெட்டினாள்’ என்பதற்கும் ‘வெட்டிக்கொண்டாள்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரம், ‘ஷீ கட்’ என்பதற்கும் ‘ஷீ கட் ஹெர்செல்ஃப்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரமே. பேச்சில் அது ‘வெட்டிக்கிட்டா’ என்று தேய்ந்து வந்தாலும் வேலை மாறுவதில்லை. வேண்டுமானால் ‘தன்னை’ என்ற பெயரையும் சேர்த்துத் ‘தன்னை வருத்திக்கொண்டான்’ எனலாம். சேர்க்காவிட்டாலும் பல இடங்களில் துணைவினையே போதும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்ய வினைக்குள் இடமில்லாததால், வினைக்கு வெளியே ஒரு பெயரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கிறது என்று விளக்கினால், தற்சுட்டுப் பெயர் எதற்காகப் பிறந்தது என்பது மாணவருக்குப் பிடிபடுகிறது. ‘கொள்’ தற்சுட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை ஆசிரியர் மறக்கக் கூடாது. ‘மழை பெய்துகொண்டிருக்கிறது’ என்பதில் அது தொடர்நிகழ்ச்சியையும், ‘பேசிக்கொண்டார்கள்’ என்பதில் ஒருவரோடு ஒருவர் என்ற பொருளையும் தருகிறது. கடைசியில் சொன்னது தேர்வில் ஒரு தனிப் பிழைக்குக் காரணமாகிறது: ‘அவர்கள் அடித்துக்கொண்டார்கள்’ என்பதை ‘தே பீட் தெம்செல்வ்ஸ்’ என்று பெயர்த்தால், ஒவ்வொருவரும் தம் கன்னத்தில் தாமே அறைந்துகொண்ட காட்சி அமைந்துவிடும். அங்கே வேண்டுவது ‘ஈச் அதர்’.

இரண்டாவது கருவி ஏகாரம். ‘ஏ’ என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருளும் பவணந்தி முனிவர் நன்னூலில் ஆறு பொருளும் வகுத்தனர். அவற்றுள் இப்பாடத்திற்கு வேண்டியவை இரண்டு: ஒரு கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டும் பிரிநிலை, உறுதி கூறும் தேற்றம். ‘அமைச்சரே வந்தார்’ என்ற வாக்கியத்தில் அமைச்சரின் செயலர், உதவியாளர் முதலியோரிலிருந்து அவரைப் பிரித்து நிறுத்தும் அதே வேலையைத்தான் ‘தி மினிஸ்டர் ஹிம்செல்ஃப் கேம்’ என்பதில் அழுத்தப் பெயர் செய்கிறது. நன்னூலை ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ துணுக்காகப் படித்துவிட்டு வரும் மாணவருக்கு, தமிழ் ஆசிரியர் சொன்ன பிரிநிலை ஏகாரமும் ஆங்கில ஆசிரியர் சொல்லும் அழுத்தப் பெயரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று எவரும் சொல்வதில்லை. இரண்டு பாடவேளைகளுக்கு நடுவே அடிக்கும் மணி இவ்வகையில் பெருந்தீங்கு செய்திருக்கிறது.

மூன்றாவது கருவியில்தான் வழுக்கல் அதிகம். ‘அவன் வந்தான்’ என்பதில் எழுவாயோடு ‘தான்’ சேர்த்து ‘அவன்தான் வந்தான்’ என்று சொன்னால், யாரோ வந்தார் என்பது முன்பே தெரிந்திருக்க, அந்த யாரோ இன்னார் என்று அடையாளம் காட்டப்படுகிறது. ‘அவனே வந்தான்’ என்றால் வருவான் என்று எதிர்பாராத ஒருவன், வேறு ஆளை அனுப்பாமல் நேரில் வந்தான் என்ற பொருள். இவ்விரண்டாவதற்கே ‘ஹீ ஹிம்செல்ஃப் கேம்’ பொருந்தும். முன்னதற்கு ஆங்கிலம் ‘இட் வாஸ் ஹீ ஹூ கேம்’ என்று வாக்கியத்தையே பிளந்து அமைக்கிறது, அல்லது எழுவாயைக் குரலால் அழுத்துகிறது. ‘தான்’ என்று கண்ட இடமெல்லாம் ‘ஹிம்செல்ஃப்’ என்று எழுதும் மாணவர், ‘கண்ணாடியை உடைத்தது யார்?’ என்ற கேள்விக்கு ‘ரவி ஹிம்செல்ஃப்’ என்று விடை எழுதுவதன் காரணம் இதுவே. அழுத்தும் ‘தான்’ வேறு, வேற்றுமை உருபு ஏற்கும்போது ‘தன்’ என்று குறுகித் ‘தன்னை’, ‘தனக்கு’ என வரும் ‘தான்’ வேறு என்பதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் இப்பிழை பாதியாகக் குறையும். வேற்றுமை உருபு ஏற்றால் அது பெயர். ஏற்காமல் எந்தச் சொல்லின் பின்னும் ஒட்டிக்கொண்டால் அது இடைச்சொல். ‘நேற்றுதான்’, ‘அங்கேதான்’ என்று காலத்தோடும் இடத்தோடும்கூட அது ஒட்டும். ‘செல்ஃப்’ அவ்வாறு ஒட்டாது.

பெயராக வரும் ‘தான்’ பற்றி இன்னொரு செய்தி உண்டு. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் இடையன்குடியில் இருந்து பணியாற்றிய கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இப்பெயரைத் தனியே எடுத்து ஆராய்ந்திருக்கிறார். ஆண், பெண் என்ற பால் வேறுபாடு காட்டாமல், ஒருமையில் ‘தான்’, பன்மையில் ‘தாம்’ என்று மட்டும் நிற்பது அதன் இயல்பு. ஆங்கிலமோ ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘இட்’ என்று பாலுக்கு ஒன்று கேட்கிறது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் எளிதில் கடந்துவிடுகின்றனர். அவர்கள் கடக்க முடியாமல் நிற்பது எல்லை வேறுபாட்டில். ‘கண்ணன் தன்னைத் திட்டினான் என்று ராமன் சொன்னான்’ என்ற வாக்கியத்தைக் கேட்கும் தமிழர், திட்டு வாங்கியவன் ராமன் என்றே இயல்பாகக் கொள்வர். தமிழின் ‘தன்’ தான் நிற்கும் சிறு வாக்கியத்தின் வேலியைத் தாண்டி, வெளியிலுள்ள எழுவாயைச் சென்று பிடிக்க வல்லது. ஆங்கிலத்தின் தற்சுட்டுப் பெயருக்கு அந்த உரிமை கிடையாது. ‘ராமன் செட் தட் கண்ணன் ஸ்கோல்டட் ஹிம்செல்ஃப்’ என்றால் கண்ணன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான் என்றுதான் பொருள்படும். தற்சுட்டுப் பெயர் தன் சொந்தக்காரரைத் தன் வாக்கிய எல்லைக்குள்ளேயே தேட வேண்டும் என்ற இக்கட்டுப்பாட்டை நோம் சாம்ஸ்கி 1981இல் வெளியான நூலில் ஒரு கோட்பாடாக வகுத்தார். திராவிட மொழிகளின் ‘தான்’ அக்கோட்பாட்டை மீறுவது மொழியியலாளர் பலர் எழுதி வாதிட்ட பொருள். பத்தாம் வகுப்பில் சாம்ஸ்கி வேண்டியதில்லை. ‘தன்னை’ என்பது பக்கத்து எழுவாயைக் குறித்தால் ‘ஹிம்செல்ஃப்’, தூரத்து எழுவாயைக் குறித்தால் வெறும் ‘ஹிம்’ என்ற ஒரு வரி போதும். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் வினாக்களில், எந்த வழிகாட்டி நூலும் எச்சரிக்காத இந்தப் பள்ளத்தில் நன்றாகப் படிக்கும் மாணவரே விழுகின்றனர், ஏனெனில் மொழிபெயர்க்கும் அளவுக்குச் சிந்திப்பவர் அவரே.

குற்றாலம் இவ்வட்டாரத்துக் கட்டுரைப் பயிற்சியின் நிலையான தலைப்பு. ஜூன் தொடங்கிச் சாரல் விழும் மாதங்களில் பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று உறவினரோடு போய்வந்த பிள்ளைகள், சுற்றுலா சென்றதைப் பற்றி எழுதச் சொன்னால் வேறு ஊரைத் தேடுவதில்லை. அக்கட்டுரைகளில் தவறாமல் காணப்படும் ஒரு வாக்கியம் ‘வீ என்ஜாய்ட் இன் குற்றாலம்’. மகிழ்ந்தோம் என்பது தமிழில் செயப்படுபொருள் குன்றிய வினை. அதனால் ‘என்ஜாய்’ என்பதையும் மாணவர் அப்படியே நிறுத்திவிடுகிறார். ஆனால் அந்த ஆங்கில வினை செயப்படுபொருளைக் கேட்டு நிற்பது. மகிழ்ச்சி தந்த பொருளைச் சொல்லி ‘வீ என்ஜாய்ட் தி பாத்’ எனவோ, அது இல்லாத இடத்தில் ‘வீ என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்’ எனவோ எழுத வேண்டும். அதே ஏட்டில் இரண்டு வரி தள்ளி ‘வீ பேத்ட் அவர்செல்வ்ஸ் இன் தி ஃபால்ஸ்’ என்று வேண்டாத இடத்தில் அதே சொல் வந்து அமர்ந்திருக்கும். அருவியில் குளிப்பதற்கு ஆங்கிலத்தில் தற்சுட்டுப் பெயர் வேண்டியதில்லை. எந்த வினை அதைக் கட்டாயமாகக் கேட்கிறது, எது விரும்பினால் ஏற்கிறது, எது வேண்டாம் என்கிறது என்பது விதியால் விளங்குவதன்று. வினைவினையாகப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கு வராதிருந்ததைச் சொல்லும்போது ‘அப்ஸென்ட்’ என்பதை வினையாக்கினால் ‘ஹிம்செல்ஃப்’ கட்டாயம் வரும். ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் காணும் ‘அவைல்’ என்ற வினையும் அவ்வாறே தற்சுட்டுப் பெயரையும் அதன்பின் ‘ஆஃப்’ என்ற சொல்லையும் கேட்பதுதான் பழைய இலக்கணம். இந்திய ஆங்கிலம் அதைப் பெரும்பாலும் கைவிட்டு, விடுப்பையும் சலுகையையும் நேராகவே ‘அவைல்’ செய்கிறது. இதனை இன்னும் பிழையென்று திருத்துவதில் பயனுண்டா என்பது ஐயத்திற்குரியது.

இரண்டு வேலைக்கும் ஒரே உருவம் ஏன் என்று கேட்கும் மாணவர் எப்போதாவது ஒருவர் வருவார். அவருக்கு மொழி வரலாறுதான் விடை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் தற்சுட்டுக்கெனத் தனிப் பெயரே இல்லை; அவன் அவனைக் கழுவினான் என்று எளிய மாற்றுப்பெயரையே எழுதினர், அந்த ‘அவன்’ அவனேயா அயலானா என்பதைச் சூழலால் உணர்ந்தனர். ‘செல்ஃப்’ அக்காலத்தில் அழுத்தத்திற்காகச் சேர்க்கப்பட்ட தனிச்சொல். ஐயம் எழும் இடங்களில் அழுத்தச் சொல்லைச் சேர்த்துச் சேர்த்து, இடைக்கால ஆங்கிலத்தில் அதுவே தற்சுட்டின் அடையாளமாக இறுகிப்போனது; 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில்கூடப் பழைய எளிய வடிவங்கள் எஞ்சியிருப்பதைக் காணலாம். ஆக, பாடநூல் தற்சுட்டை முதலிலும் அழுத்தத்தைப் பின்னிணைப்புப்போல அடுத்தும் வைத்தாலும், வரலாற்றில் மூத்தது அழுத்தமே. ‘மைசெல்ஃப்’, ‘யுவர்செல்ஃப்’ என்பவற்றில் உடைமைப் பெயரும் ‘ஹிம்செல்ஃப்’, ‘தெம்செல்வ்ஸ்’ என்பவற்றில் செயப்படுபொருள் வடிவமும் முன்னிற்கும் ஒழுங்கின்மையும் அவ்வரலாற்றின் எச்சம். ‘ஹிஸ்செல்ஃப்’, ‘தெயர்செல்வ்ஸ்’ என்று எழுதும் பிள்ளை, இங்கிலாந்தின் நாட்டுப்புற வழக்குகள் சிலவற்றில் இன்றும் உள்ள வடிவத்தையே தர்க்கத்தால் கண்டடைந்திருக்கிறது. மதிப்பெண் குறைக்க வேண்டியதுதான். முட்டாள்தனம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பள்ளியைக் கடந்து இவ்வூர்களில் ‘செல்ஃப்’ மிகுதியாக ஒலிக்கும் இடம் நேர்காணல். வளைகுடா வேலைக்கோ தென்காசியில் ஒரு கடையின் கணக்கர் வேலைக்கோ செல்லும் இளைஞர், தம்மை அறிமுகப்படுத்தும்போது ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கிப் பெயரைச் சொல்கிறார். இது தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இந்தியா முழுவதும் பரவிய வழக்கு. இலக்கண நோக்கில் இங்குள்ள ‘மைசெல்ஃப்’ தற்சுட்டும் அன்று, அழுத்தமும் அன்று. திரும்பி வருவதற்கு ஒரு வினை வேண்டும், அழுத்துவதற்கு முன்னால் ஓர் ‘ஐ’ வேண்டும், இரண்டும் இல்லை. ‘நான்’ என்று நேராகத் தொடங்குவது பணிவின்மையாகிவிடுமோ என்ற தயக்கம் இதில் கலந்திருப்பதாகவே தோன்றுகிறது. ‘கான்டாக்ட் மைசெல்ஃப்’ என்று இங்கிலாந்தின் அலுவலகக் கடிதங்களில் எழுதுவோரும், ‘மீ’ என்பது அழகாக இல்லை என்ற தயக்கத்தால்தான் எழுதுகின்றனர். கேலி செய்து திருத்தப்பட்ட இளைஞர் அடுத்த நேர்காணலில் வாயே திறப்பதில்லை. ‘ஐ ஆம்’ என்ற இரண்டு சொற்களைப் பழக்கிவிடுவது அதைவிடச் சிறந்த பணி.

எஞ்சியவை சில. ‘பை ஹிம்செல்ஃப்’ என்று முன்னிடைச்சொல்லோடு வந்தால் தனியாக அல்லது உதவியின்றி என்று பொருள். தேர்வில் இதை எந்த வகையில் சேர்ப்பது என்று சண்டையிடுவதைவிடத் தனித் தொடராகக் கற்பிப்பது நன்று. ‘உடன்’ என்ற பொருளில் குடையை எடுத்துச் சென்றான் என்னும்போது ‘வித் ஹிம்’ போதும். ‘தன்னுடன்’ என்ற தமிழைப் பின்பற்றி ‘செல்ஃப்’ சேர்க்க வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவரையே ‘நீங்கள்’ என்று அழைத்துப் பழகிய மாணவர் மரியாதை கருதி ‘யுவர்செல்வ்ஸ்’ என்று எழுதினால், ஆங்கிலப் பன்மையில் மரியாதை இல்லை, எண்ணிக்கை மட்டுமே உண்டு என்பதைச் சொல்லித் திருத்தலாம்.

பொதுத்தேர்வுக்கும் போட்டித் தேர்வுக்கும் வினாத்தாள் அமைப்போர், அடிக்கோடிட்ட சொல் தற்சுட்டா அழுத்தமா என்று பெயர் கேட்கும் வினாவை நிறுத்திவிட்டு, ‘அவளே வெட்டினாள்’, ‘அவள் வெட்டிக்கொண்டாள்’ என்ற இரண்டு தமிழ் வாக்கியங்களைக் கொடுத்து அவற்றை ஆங்கிலத்தில் எழுதக் கேட்க வேண்டும். பெயர் கேட்கும் வினாவுக்கு விடை எழுத ஒரு சூத்திரமும் கொஞ்சம் துணிச்சலும் போதும். பின்னதற்கு மொழி தெரிந்திருக்க வேண்டும். வினா மாறாதவரை வழிகாட்டி நூலும் மாறாது, வழிகாட்டி நூல் மாறாதவரை வகுப்பறையில் ‘ஹிம்செல்ஃப் என்றால் தானே’ என்ற வரியும் மாறப்போவதில்லை.